குளிப்பு மண்டபத்து உப்புப் பேணி

வரதராஜாவை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று வாசல் படலையடியில், காருக்குள் இருந்தபடி சொன்னவள் அவருடைய மனைவி இரஞ்சிதம்தான்.

அது எழுபத்தாறாம் ஆண்டு மாசி மாதம். நல்ல வெயில். மெல்பேணில் ஸ்பிரிங்வேல் சுடலையில் இருந்து கதிர்காமநாதனின் ஹோல்டன் கார் மேட்டுப்பாதை எல்லாம் ஏறி, அவர்கள் குடியிருந்த டன்மோர் ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. வரதராஜா ஒரு மண்ணிறப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சாம்பலாக, அவளுடைய மடியில் இருந்தார். கதிர்காமநாதன் மெல்பேணில் கணக்காளர். வரதராஜாவுக்குச் சொந்தமில்லை. ஆனாலும் அந்த நாட்களில் விக்டோரியாவில் இருந்த யாழ்ப்பாணத்தவர் எல்லோரையும் இரண்டு பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்பதால், சொந்தக்காரர் செய்கிற அலுவல் எல்லாம் அவர் தலையில்தான் விழுந்தது.

"என்னக்கா, இறங்கேல்லையோ?"

"இறங்கிறன். இதை உள்ளுக்குக் கொண்டு போகேலாது தம்பி. ஊரிலை ஆரும் சாம்பலை வீட்டுக்குள்ளை வைச்சவையே?"

"ஊரிலை அள்ளின கையோடை கீரிமலைக் கடலுக்குக் கொண்டு போயிடுவினம். இஞ்சை கீரிமலைக்கு நான் எங்கை போறது?"

"இல்லாட்டி வெளியிலை மரத்திலை கட்டிவிடுறவை."

கதிர்காமநாதன் முற்றத்து யூக்கலிப்டஸ் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "உதிலை கட்டினா விடியமுன்னம் மரநாய் மாதிரி இந்தப் பொசம் வந்து பிரிச்சுப் போடும், அக்கா."

அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெட்டியைக் குனிந்து பார்த்தாள். கதிர்காமநாதனும் மனைவி யோகாவும் இருக்கிற வீட்டில் வைக்கலாமா என்று கேட்க வாயெடுத்தாள். அவரே முந்திக்கொண்டார்.

"யோகாவுக்கு இது ஏழாம் மாசம்."

"ஐயோ, வேண்டாம். நான் கேக்கேல்லை."

வீட்டுக்கும் வேண்டாம், மரத்துக்கும் வேண்டாம் என்றால் பிறகு எங்கே? அவளுடைய கைப்பைக்குள் ஒரு திறப்பு இருந்தது. ஊரின் குளிப்பு மண்டபத்துக் கதவுப் பூட்டின் திறப்பு. அவள் அங்கேதான் வேலை செய்தாள்.

டன்மோர் ஸ்பிரிங்ஸுக்கு எந்தத் தெருவால் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்த மண்டபத்தின் தலைதான். செப்புத் தகடு வேய்ந்து, பச்சை பிடித்துப்போன பெரிய குவிமாடம். ஊரவர்கள் அதை 'டோம்' என்பார்கள். முதன்முதலாகப் பார்த்தபோது இரஞ்சிதம், "ஆரோ பெரிய கிடாரத்தைக் கழுவிக் கவிட்டு வைச்ச மாதிரி" என்றாள். வரதராஜா அந்த வசனத்தை மறக்கவே இல்லை. வருகிற விருந்தாளிக்கெல்லாம், "வாருங்கோ, எங்கடை ஊர்க் கிடாரத்தைக் காட்டுறன்" என்று கூட்டிக்கொண்டு போவார்.

அவர்கள் வந்தது எழுபத்திரண்டில். விக்டோரியாப் பள்ளிக்கூடங்களில் வாத்திமார் போதாமல் இருந்த காலம். புவியியல் ஆசிரியர் வரதராஜாவுக்கு இந்த மலையடி ஊரில் இடம் கிடைத்தது. இரஞ்சிதமும் யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவள்தான். அவளுடைய சான்றிதழுக்கு இங்கே மதிப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளும் இல்லை. பகல் முழுக்கக் குசினி யன்னலால் அயலவரின் நாயைப் பார்த்துக்கொண்டிருக்க மனமில்லாமல், நகரசபை குளிப்பு மண்டபத்துக்கு ஆள் தேடியபோது போய் நின்றாள். எட்டுத் தொட்டிகள். நிலத்தடியிலிருந்து தானே நுரைத்துக்கொண்டு வருகிற இரும்பு மணக்கும் நீரைச் சூடாக்கி நிரப்ப வேண்டும். மூட்டு வலிக்காரருக்குப் பெரிய தகரப் பேணியில் இருந்து உப்பு அள்ளிப் போட வேண்டும். துவாய் நீட்ட வேண்டும். "கீரிமலைக் கேணித் தண்ணிக்குச் சோடா அடிச்ச மாதிரி" என்று வரதராஜா அந்த நீரைச் சொல்வார்.

குளிக்க வருகிறவர்கள் கிரேக்கர், மோல்ட்டாக்காரர், ரஷ்யக் கிழவிகள், ஊரில் நாலு தலைமுறையாக இருக்கும் சுவிஸ்-இத்தாலியர். சூடான தண்ணீரில் படுத்தவுடன் கதை தொடங்கிவிடும். அந்தக் கதைகளை ஒட்டி ஒட்டித்தான் கட்டடத்தின் சீவியத்தை அவள் அறிந்துகொண்டாள். தங்கம் தோண்டிய காசில் கட்டியது. முதலில் மாடத்துக்கு நேர்கீழே வட்டமான நீச்சல் குளம் இருந்தது. ஆணுக்கு ஒரு நாள், பெண்ணுக்கு ஒரு நாள். பிறகு குளத்தை மூடிப் பலகை அடித்து நடன மண்டபம் ஆக்கினார்கள். வாத்தியக்காரருக்கு மேலே ஒரு பரண். முதலாவது யுத்தத்தில் நச்சுப்புகை குடித்து வந்த பையன்களுக்கு ஆஸ்பத்திரி. பிறகு ஊமைப்படம். இரண்டாவது யுத்தத்தில் பட்டாளத்தின் கம்பளிக் கிடங்கு. கடைசியில் சுற்றியிருந்த அறைகளில் தொட்டி வைத்துத் திரும்பவும் குளிப்பு. ஒரு கிழவி, தான் பதினெட்டு வயதில் நடனமாடிய இடத்திலேயே பிறகு தன் அண்ணனுக்குக் கஞ்சி பருக்கியதைச் சொல்லிவிட்டு, "இந்தக் கட்டடம் ஒரு வேலையில் நிலைக்காதவன் மாதிரி" என்று முடித்தாள்.

பூட்டிக் கிடந்த அந்த வாத்தியப் பரணுக்குத்தான் இரஞ்சிதம் பெட்டியைக் கொண்டு போனாள். ஏணிப்படியின் அடியில் கதிர்காமநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பரணில் வெற்று உப்புப் பேணிகள் அடுக்கியிருந்தன. நகரசபைக்கு எதையும் எறிய மனம் வராது. முழங்கால் உயரப் பேணி ஒன்றைத் துடைத்தாள். பெட்டியை, வீட்டிலிருந்து எடுத்துவந்த வரதராஜாவின் வேட்டியில் சுற்றி உள்ளே இறக்கி மூடினாள். வேட்டியின் கரையைக் கிழித்து மூடியைச் சுற்றிக் கட்டினாள். யாரும் திறக்கப்போவதில்லை. பார்த்தால் உப்பு.

"ஒரு கிழமைக்குத்தான்" என்று கீழே வந்து சொன்னாள். "சிறிக்கு அறிவிப்பம். அவர் சொல்லுறபடி செய்வம்."

சிறி, வரதராஜாவின் ஒரே தம்பி, கொழும்பில் வேலை. பிள்ளையில்லாதவருக்குத் தம்பிதான் அந்தியேட்டிக் கிரியை செய்து, கீரிமலையில் சாம்பலைக் கடலில் கரைக்க வேண்டும். கதிர்காமநாதனுக்குத் தகப்பன் உயிரோடு இருந்தார். தகப்பன் இருக்கிறவன் இந்தக் காரியத்தில் கை வைப்பதில்லை. பெண் செய்வது என்ற பேச்சே இல்லை. ஆகவே சாம்பல் சிறியிடம் போய்ச் சேர வேண்டும். சாம்பலோடு அவளும் போக வேண்டும். போனால் திரும்பி வருவதா, அங்கேயே நிற்பதா என்பதையும் முடிவு செய்ய வேண்டும்.

அந்த முடிவுதான் வரவில்லை. ஒரு கிழமை ஒன்றரை வருடமாயிற்று.

அன்று தொடங்கி இரஞ்சிதத்துக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. தேத்தண்ணியை ஊற்றிவிட்டுக் குடிக்க மறந்து முற்றத்தில் நிற்பாள். கதிரையில் இருந்தால் யாரோ கூப்பிட்ட மாதிரி எழும்புவாள். வேலையில்லாத நாளிலும் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு மண்டபத்துக்குப் போவாள். தொட்டி கழுவும்போது தேவாரம் வாய்க்குள் வரும். மாடம் அதை வாங்கி உருட்டித் திருப்பித் தரும். ஒரு மோல்ட்டாக்காரர் தொட்டிக்குள் இருந்தபடியே, "அந்த ரேடியோவைக் கொஞ்சம் கூட்டிவிடுங்கள்" என்று கத்தினார். பரணுக்கு அவள் ஏறுவதில்லை. ஏணியின் அடியில் நின்று, அண்ணாந்து, இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போவாள்.

ஒருவழியாக எழுபத்தேழு ஆவணிக்குப் போவதென்று பயணம் ஒழுங்காயிற்று. சூட்கேசுக்குள் சேலைகளை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். அந்த ஆவணியில்தான் இலங்கையில் கலவரம் வெடித்தது. ஒருநாள் மெல்பேணிலிருந்து யோகா டெலிபோன் எடுத்தாள்.

"அக்கா, சிறி தப்பிட்டார். வீடு எரிஞ்சு போட்டுதாம். கப்பலிலை ஏத்தி காங்கேசன்துறையிலை இறக்கிவிட்டவையாம். உடுத்த உடுப்போடை."

"பிள்ளையள்?"

"எல்லாரும் இருக்கினம். உங்களை இப்ப வர வேண்டாமாம். அண்ணையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லு அண்ணி எண்டு சொல்லச் சொன்னவராம்."

அண்ணையைப் பொறுக்கச் சொல்லு. ரிசீவரை வைத்த பிறகும் அதே வசனத்தைச் சொல்லிக்கொண்டு இரஞ்சிதம் வீட்டைச் சுற்றி நடந்தாள்.

அண்ணை பொறுத்தார். நகரசபை பொறுக்கவில்லை. தொட்டிக் குளிப்புக்கு இப்போது ஆட்கள் குறைவு, ஆனால் சுவரில் பந்தடிக்கிற ஸ்குவாஷ் விளையாட நாடு முழுவதும் வரிசையில் நிற்கிறார்கள். எனவே டோமுக்குள் இரண்டு ஸ்குவாஷ் மைதானம் கட்டுவதென்று தீர்மானம். பழைய பரணைத் திருத்தி விளையாட்டுப் பார்க்கிறவர்களுக்கு இருக்கை போடுவார்களாம். புரட்டாசி முடிவில் கட்டடத்தை ஒப்பந்தக்காரனிடம் கையளிப்பு. இரஞ்சிதம் தனக்குள், கடைசிக் கிழமை எடுத்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டாள். எங்கே எடுத்துப்போவது என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை கதிர்காமநாதனும் யோகாவும், இரண்டு நாள் தங்களோடு வந்து நிற்கும்படி அவளை ஏற்றிப்போக வந்தார்கள். பிள்ளையை அயல் வீட்டில் விட்டிருந்தார்கள். மெல்பேணில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்கும் போக வேண்டியிருந்ததால் யோகா பட்டுச்சேலை உடுத்திருந்தாள். மண்டபத்தைக் கடக்கும்போது இரஞ்சிதம் நிறுத்தச் சொன்னாள். சனிக்கிழமைகளில் பூட்டியிருக்கிற கதவு திறந்திருந்தது.

உள்ளே பரண் வெறுமையாக இருந்தது. ஏணிகூட இல்லை.

நடுவில் நின்று நகரசபை மேற்பார்வையாளர் லூயி சுவரை அளந்துகொண்டிருந்தார். அவருடைய பாட்டன் காலத்திலிருந்து இந்த ஊர்க்காரர். அவளை எப்போதும் அரைப் பெயரில்தான் கூப்பிடுவார்.

"மிஸிஸ் ராஜ்! இன்றைக்கு லீவு அல்லவா? ஒப்பந்தக்காரன் முந்தி வருகிறானாம். காலையிலேயே எல்லாவற்றையும் இறக்கிவிட்டோம்."

"மேலே இருந்த பேணிகள்?"

"குப்பை மேட்டுக்கு." அவளுடைய முகத்தைப் பார்த்து, "வெறும் உப்புப் பேணிதானே. வேண்டுமென்றால் புதிசாக ஒன்று வாங்கித் தருகிறேன்" என்றார்.

"ஒன்றில் உப்பு இல்லை" என்றாள் இரஞ்சிதம். "ஒன்றில் என் கணவர் இருக்கிறார்."

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மாடம் சத்தம் போட்டது. சுவரோரம் பலகை கழற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்தார்கள். லூயியின் விரல் அளவு நாடாவை விட்டது. நாடா தானாகச் சுருண்டு டப்பென்று உள்ளே போயிற்று.

"லொறியில் ஏறுங்கள்" என்றார்.

குப்பை மேடு ஊருக்கு வெளியே, பழைய சுரங்கக் குழியில் இருந்தது. லூயியின் லொறி முன்னால், ஹோல்டன் பின்னால். காலையில் கொட்டியதன் மேல் ஏற்கெனவே யாரோ வேலி மரமும் மெத்தையும் கொண்டுவந்து தள்ளியிருந்தார்கள். லூயி தொப்பியைக் கழற்றி லொறிக்குள் வைத்துவிட்டுச் சரிவில் இறங்கினார். கதிர்காமநாதன் டையைத் தோளுக்குப் பின்னால் எறிந்துகொண்டு இறங்கினார்.

"யோகா, நீர் காருக்குள்ளை இரும். சேலை பழுதாப் போம்."

"உங்கடை டை பழுதாப் போகாதோ? அரக்கி விலகுங்கோ அங்காலை!"

யோகா பட்டுச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். இரஞ்சிதத்துக்கு எந்தப் பக்கம் தேடுவது என்று பிடிபடவில்லை. எடுத்த பேணியைக் கீழே வைக்காமல் அடுத்ததற்குக் கை நீட்டினாள். எல்லாம் ஒரே மாதிரி. மூடி கழன்றவை, நசிந்தவை. ஒன்றுக்குள் மழைத்தண்ணீர். நசிந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். பொறுக்கச் சொன்னோமே. பொறுத்த மனிசனை எங்கே கொண்டுவந்து போட்டேன்.

"பாரமா ஒண்டு கிடக்கு அக்கா!" மெத்தைக்குக் கீழே கையை விட்டு யோகா கத்தினாள். "வேட்டிக் கரை... வேட்டிக் கரை கட்டியிருக்கு!"

லூயி மெத்தையைத் தூக்கிப் பிடித்தார். பேணியின் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. முடிச்சு அவிழவில்லை. யோகா அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு சரிவில் ஏறினாள். இரஞ்சிதம் வாங்க நீட்டிய கையில் கொடுக்கவில்லை. காருக்குள் ஏறித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பட்டுச்சேலையில் துருவும் சேறும் இறங்கின.

"எங்கடை வீட்டை கொண்டு போவம் அக்கா. இந்த முறை ஒரு சாட்டும் சொல்லமாட்டம். அலுமாரியிலை வைப்பம். சிறி சொல்லுமட்டும் இருக்கட்டும்."

"சின்னப் பிள்ளை இருக்கிற வீடு."

"இருந்தா என்ன? வரதராஜா மாஸ்டர் பிள்ளையளைக் கடிச்சவரோ?"

கதிர்காமநாதன் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக இருமினார். இரஞ்சிதம் சிரிக்கவில்லை. வீடு, மரம், பரண், குப்பை மேடு, இனி அலுமாரி. அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம், மற்றவர் வீட்டில் ஒரு இரவு தங்கச் சொன்னாலும் தூக்கம் வராது.

"டோமுக்கு விடுங்கோ தம்பி" என்றாள். "பின்பக்கத்தாலை."

மண்டபத்தின் பின்னால், குளிப்பு நீர் வெளியேறும் குழாய் ஓடைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டிகளுக்குப் போகும் நீரை நிறுத்திவிட்டார்கள். ஊற்றை யாராலும் நிறுத்த முடியாது என்பதால் மொத்த நீரும் நேரே இந்தக் குழாயால் விழுந்துகொண்டிருந்தது. அது விழுகிற பாறை முழுக்கச் செம்மஞ்சள். ஓடை மழைக்குப் பிறகு நிரம்பிச் சுழித்துப் போயிற்று.

"நான் எப்பிடி அக்கா..." என்று கதிர்காமநாதன் தொடங்கினார். "அப்பா இருக்கிறார்."

"உங்களைக் கேக்கேல்லை. நான் செய்யிறன்."

"பொம்பிளையள் செய்யிறேல்லையே."

"செய்யிறேல்லைத்தான்."

அவர் யோகாவைப் பார்த்தார். யோகா பேணியின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இரஞ்சிதம் செருப்பைக் கழற்றிப் பாறையில் இறங்கினாள். வழுக்கியது. செய்யமாட்டேன் என்றவர்தான் ஓடிவந்து முழங்கையைப் பிடித்தார், கடைசிவரை விடவில்லை. ஐயரும் இல்லை, எள்ளும் இல்லை, தர்ப்பையும் இல்லை. தொட்டி கழுவும்போது பாடுகிற தேவாரத்தைத் தொடங்கினாள். இரண்டாம் அடியில் குரல் போயிற்று, யோகா பிடித்துக்கொண்டாள். பெட்டியைத் திறந்து கவிழ்த்தாள்; சாம்பல் செம்மஞ்சள் நீரில் ஒரு கணம் வெள்ளையாக நின்றது. பிறகு ஓடை எடுத்துக்கொண்டு போயிற்று. மேலே, தெருவோரம், லூயி தொப்பியில்லாமல் லொறிக்குப் பக்கத்தில் நின்றார்.

அன்றிரவு யோகா வீட்டில் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு இரஞ்சிதம் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். கதை இங்கே முடிந்திருந்தால் அவளுக்கும் நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

கார்த்திகை பிறக்கும்போது மண்டபத்தில் ஸ்குவாஷ் தொடங்கிவிட்டது. நகரசபை அவளைக் கைவிடவில்லை. மட்டை வாடகைக்குக் கொடுக்கிற மேசையில் இருத்தியது. பந்து சுவரில் அடிக்க, மாடம் ஒவ்வொரு அடியையும் இரண்டாக்கித் தந்தது. ஒரு மத்தியானம், பந்துச் சத்தத்துக்கு நடுவே அவளுக்கு வரதராஜாவின் குரல் நினைவுக்கு வந்தது. வகுப்புப் பிள்ளைகளை ஓடைக்கரைக்குக் கூட்டிப்போய்ப் படிப்பிப்பார். இரவுச் சாப்பாட்டில் அதையே அவளுக்கும் படிப்பிப்பார். "இந்த ஓடை லொடன் ஆத்திலை விழும். லொடன் மறே ஆத்திலை விழும். மறே போய்க் கடலிலை விழும். ஆனா இரஞ்சி, மழை பொய்ச்ச வருசம் இது லொடனுக்கே போய்ச் சேராது. வழியிலை மண் குடிச்சிடும்."

எப்படி மறந்தாள்?

மேசையை அப்படியே விட்டுவிட்டு ஓடைக்குப் போனாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது, மெலிந்து. அந்தக் கோடையில் மழை இல்லை. தை மாதம் குழாயடியில் விழுகிற நீர் கொஞ்சத் தூரம் போய் மண்ணில் மறைந்தது. அதற்கப்பால் குட்டை, அதற்கப்பால் வெறும் கல். வேலை முடிந்ததும் இரஞ்சிதம் கரையோரம் நடப்பாள். குட்டை குட்டையாகப் பார்த்துக்கொண்டு, பண்ணை வேலி வரும்வரை. ஆடுகள் தலை தூக்கிப் பார்க்கும். அவர் மழையோடேயே போயிருப்பார் என்று ஒருநாள் நினைப்பாள். இந்தக் குட்டையில் தங்கிவிட்டாரோ என்று மறுநாள் நினைப்பாள். சிறிக்கு விஷயத்தைச் சொல்லியாயிற்று. அண்ணி செய்தது சரியா பிழையா என்று அவர் சொல்லவில்லை. கடலுக்குப் போயிருக்கும்தானே என்று மட்டும் கேட்டிருந்தார். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.

"ஒவ்வொரு நாளும் எங்கே நடக்கிறீர்கள், மிஸிஸ் ராஜ்?" என்று ஒரு மாலை லூயி லொறியை நிறுத்திக் கேட்டார்.

"எவ்வளவு தூரம் தண்ணீர் போகிறது என்று பார்க்க."

லூயி ஓடையைப் பார்த்தார். "வைகாசிக்கு முன் மழை வராது" என்றார். "வந்தால் பாலத்தடிக்கு ஏற்றிப்போகிறேன். ஓடை ஆற்றோடு சேர்கிற இடம் அங்கேதான். நடக்க முடியாது, தூரம்."

அந்த வருடம் மழை பிந்தித்தான் வந்தது. வந்த அன்று டோமில் இரண்டு மைதானத்திலும் ஆட்கள். செப்புக் கூரையில் மழை விழுந்த சத்தத்தில் பந்துச் சத்தமே கேட்கவில்லை; விளையாடியவர்கள் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். இரஞ்சிதம் மட்டைகளை எண்ணாமல் அலுமாரிக்குள் தள்ளிப் பூட்டினாள். வாசலில் லூயியின் லொறி ஹோர்ன் அடித்தது.